கொம்பை எண்ணும் கண்ணாடி

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு மத்தியானச் சாப்பாடு நின்றுகொண்டுதான். பென்சில்வேனியாவின் வடக்கு மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூர். வேட்டைச் சாமான்களும் மீன்பிடிச் சாமான்களும் விற்கும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. அதில் பைனாகுலர் கவுன்ட்டர் என் பொறுப்பு. 2003இல் சேர்ந்தேன், இன்றும் அதே இடம்தான். ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும் நாள் இந்த மலைக்காரர்களுக்கு ஊர்க்கொடை மாதிரி. 1963 முதல் அது தேங்ஸ்கிவிங் கழிந்த திங்கட்கிழமையாக இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விடுவார்கள். 2019இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நாள் மாறினாலும் கூட்டம் குறையவில்லை. முந்தின இரண்டு வாரமும் ஊரே கடையில் நிற்கும்.

ரைஃபிளுக்கு 700 டாலர் செலவழிப்பார்கள். அதன்மேல் பூட்டும் ஸ்கோப்புக்கு இன்னொரு 300. பூட்ஸ், கையுறை, ஆரஞ்சு நிறச் சட்டை எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் என் பக்கம் வருவார்கள். "ஒரு நூறு டாலருக்குள்ள சுமாரா ஒண்ணு கொடுங்க" என்பதுதான் பாதிப் பேர் கேட்பது. கையில் மிஞ்சிய காசுக்குப் பைனாகுலர் என்ற அந்தக் கணக்கைப் புரட்டிப்போடத்தான் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கி எனக்குப் பழக்கமில்லை. லென்ஸ் பழக்கம். பாளையங்கோட்டையில் அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். சோதனை லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, வந்தவர்களிடம் நான் ஒருநாள் "பெருசா தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏல, பெருசா தெரியுதான்னு கேக்காத. தெளிவா தெரியுதான்னு கேளு. பெருசு காட்டுறதுக்கு எந்த லென்ஸும் போதும்." மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து வந்து சேர்ந்தபோது, லென்ஸ் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தக் கவுன்ட்டரில் நிறுத்தினார்கள். அப்பா சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு இன்றுவரை முதல்.

நான் சேர்ந்ததற்கு முந்தின வருஷம், 2002இல், இந்த மாநிலத்தில் ஒரு விதி வந்திருந்தது. ஆண் மானைச் சுட வேண்டுமானால் அதன் கொம்பில் இத்தனை கிளை இருக்க வேண்டும் என்ற விதி. எங்கள் பக்கத்தில் ஒரு கொம்பில் குறைந்தது மூன்று. ஓர் அங்குலமாவது நீண்டிருந்தால்தான் அது கிளை என்று கணக்கு. அதுவரை, மூன்று அங்குலக் கொம்போ இரண்டு கிளையோ இருந்தால் போதும், சுடலாம். இளம் ஆண் மான்கள் ஒன்றரை வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. அவை வளரட்டும் என்றுதான் விதி. வேட்டைக்காரர்கள் பலருக்கு ஆரம்பத்தில் கோபம். எனக்கோ அதில் வேறொன்று தெரிந்தது: இனிமேல் ஒவ்வொருவரும் சுடுவதற்கு முன் எண்ண வேண்டும்.

80 கஜம் தள்ளி, சாம்பல் நிறக் கிளைகளுக்கு நடுவே, சாம்பல் பழுப்பு நிற மான். இங்கே இளம் பீச் மரங்கள் குளிர்காலத்திலும் வெளிறிய காய்ந்த இலைகளை உதிர்க்காமல் வைத்திருக்கும். அந்த இலைகளுக்குப் பின்னால் ஓர் அங்குலக் கொம்புக் கிளை. அதை எண்ணிச் சொல்ல வேண்டும், அதுவும் மான் தலையைத் திருப்புவதற்குள். வெறுங்கண்ணால் நடக்கிற காரியமா?

"அதுக்குத்தான் ஸ்கோப் இருக்கே" என்பார்கள். இந்தப் பேச்சை மட்டும் நான் விடமாட்டேன். 2005இல் பருவத்தின் இரண்டாம் நாள். வாடிக்கையாளர் ஒருவர் தன் நண்பர்களின் டீர் கேம்ப்புக்கு, அதாவது வேட்டைக்காகத் தங்கும் இடத்துக்கு, என்னை அழைத்துப்போயிருந்தார். பாட்டர் கவுன்ட்டியில் சஸ்குவெஹான்னக் அரசுக் காடு. நான் துப்பாக்கி இல்லாமல், ஆரஞ்சு உடையும் தொப்பியும் போட்டு, ஒரு ஹெம்லாக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சரிவை பைனாகுலரால் மெதுவாகத் துழாவிக்கொண்டு வந்தேன். ஆரஞ்சாக ஒரு புள்ளி தட்டுப்பட்டது. யாரோ ஒருவர். ஃபோகஸைத் திருகினேன். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதற்குக் கீழே இன்னொரு சின்னக் கறுப்பு வட்டம். மேலே இருந்தது ஸ்கோப்பின் முன் லென்ஸ். கீழே இருந்தது துப்பாக்கிக் குழலின் வாய்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அவருக்கு என்மேல் எந்தப் பகையும் இல்லை. இங்கே ஏதோ அசைந்திருக்கிறது, என்னவென்று பார்க்கத் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறார். கையைத் தூக்கி ஆட்டினேன், கத்தினேன். சத்தம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. சில நொடி கழித்துக் குழல் தாழ்ந்தது. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு மேலே நடந்து போனார். கழுத்தில் பைனாகுலர் இல்லை. அதை மட்டும் நன்றாகப் பார்த்தேன்.

சுட நினைக்காத எதன்மேலும் துப்பாக்கி வாயைத் திருப்பக் கூடாது என்பது இங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஸ்கோப்பால் தேடுகிறவர் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தப் பாடத்தை மீறுகிறார். அசைவது மானா, மனிதரா, நாயா என்று கண்டுபிடிக்க வேண்டியது பைனாகுலர். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி மேலே வர வேண்டும். அன்றைய நாளுக்குப் பிறகு, பைனாகுலரே இல்லாமல் கடையைவிட்டுப் போவதைவிட 60 டாலருக்கு உள்ளதையாவது வாங்கிப் போங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

சரி, வாங்குவது எப்படி?

எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். 8x42 என்று இருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் குறுக்களவு 42 மில்லிமீட்டர். பெரிய எண்ணைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். 42ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்: 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம், மில்லிமீட்டரில். 10x42 என்றால் 4.2. சட்டைப்பையில் போடுகிற 10x25 என்றால் வெறும் 2.5. நல்ல இருட்டில் இளைஞரின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் 5க்குள் நின்றுவிடும். ஆகவே 8x42 கொடுக்கும் வெளிச்சம் பெரியவர்களின் கண்ணுக்கு ஏறக்குறைய நிறைவு. 10x25 வைத்திருப்பவர் அந்தி நேரத்தில் கண்ணில் முக்கால் பங்கை மூடிக்கொண்டு பார்ப்பதற்குச் சமம்.

அந்தி நேரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே மான் வேட்டைக்குச் சட்டம் தரும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை. மான் நடமாடுவதும் அந்த இரண்டு ஓரங்களில்தான். நடுப்பகலில் 60 டாலர் பைனாகுலருக்கும் 2,000 டாலர் ஸ்வரோவ்ஸ்கிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லப் பலர் திணறுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கொடுக்கிற காசெல்லாம் அந்த அரை மணிக்காக.

அதனால்தான் கடை டியூப்லைட் வெளிச்சத்தில் பைனாகுலரைக் கண்ணில் வைத்து எதிர்ச் சுவரில் உள்ள போர்டைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது. எங்கள் கடைக்குப் பின்னால் லாரி வந்து சரக்கிறக்கும் வாசல் ஒன்று உண்டு. அதற்கு எதிரே ஒரு ஹெம்லாக் தோப்பு. நவம்பர் கடைசியில் நாலரை மணிக்கெல்லாம் அங்கே மரத்தடியில் இருட்டிவிடும். வாடிக்கையாளரை அந்த நேரத்துக்கு வரச்சொல்வேன். மூன்று பைனாகுலரில் கம்பெனிப் பெயரின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பேன். "அடிமரத்துப் பட்டையில வெடிப்பு எதுல நல்லாத் தெரியுதுன்னு சொல்லுங்க" என்பேன். விலை உயர்ந்ததைவிட்டு நடுவிலையில் உள்ளதைத் தேர்ந்தவர்கள் நிறையப் பேர். பெயர் தெரியாதபோது கண் சரியாகத்தான் சொல்லும்.

வித்தியாசம் வருவது முக்கியமாகப் பூச்சில். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நாலுதானே என்று தோன்றும். ஒரு குழாய்க்குள் ஒளி பத்துப் பரப்பைத் தாண்டி வந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். போனது சும்மாவும் போகாது. உள்ளேயே சிதறி, படத்தின்மேல் பால் கலந்த மாதிரி மங்கலை ஏற்றும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்பவர் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். லென்ஸின்மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் படியவைத்தார். இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பில் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. பெட்டியில் 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்று முழுதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு என்று பொருள். வெறும் 'கோட்டட்' என்றால் எங்கோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு, அவ்வளவே. முன் லென்ஸ் மாணிக்கக்கல் மாதிரி சிவப்பாக மின்னினால் வைத்துவிட்டு வாருங்கள். அது சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்புகிறது. மானின் பழுப்பு நிறத்துக்கு அந்தச் சிவப்புதான் வேண்டும்.

பிரிசம் விஷயத்தில் என் பேச்சே காலத்தோடு மாறியிருக்கிறது. தோள் அகன்ற பழைய மாடல் போரோ பிரிசம். நேர்க்குழாயாக ஒல்லியாக இருப்பது ரூஃப் பிரிசம். ரூஃப் பிரிசத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து திரும்பிச் சேரும்போது ஒன்றோடொன்று கொஞ்சம் முரண்டுபிடிக்கும், படம் கூர்மை இழக்கும். அதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை 1988இல் ஸைஸ் கொண்டுவந்தது. ரொம்ப நாள் அது விலை உயர்ந்தவற்றில் மட்டுமே இருந்தது. ஆகவே 2003இல் 200 டாலருக்குள் கேட்டவர்களுக்கெல்லாம் போரோதான் கொடுத்தேன். "தாத்தா காலத்து மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்தவர்களும் அந்தியில் பார்த்துவிட்டு வாங்கிப்போனார்கள். இன்று வோர்டெக்ஸ் டைமண்ட்பேக், நிக்கான் புரோஸ்டாஃப் பி7 மாதிரியானவை 200 டாலரையொட்டிய விலையிலேயே ஃபேஸ் கோட்டிங்கோடு வருகின்றன. இப்போது நூறு டாலரை ஒட்டியே கை நீட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் போரோ. கனம் கூடுதல், ஆனால் அந்தக் காசுக்கு அதைவிடத் தெளிவு வேறெதிலும் கிடைக்காது.

எட்டா, பத்தா என்று ஒரு பெரிய வழக்கு உண்டு. எங்கள் காட்டில் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் மான் தெரியும். அந்தத் தூரத்தில் எட்டு மடங்கில் 35 முதல் 40 அடி அகலம் கண்ணுக்குள் வரும்; பத்தில் அது சுருங்கும், கை நடுக்கமும் கூடவே பத்து மடங்காகும். மலையேறி மூச்சு வாங்க நிற்பவருக்கு எட்டுதான். வயோமிங்கின் திறந்த வெளிக்குப் போகிறவர் என்றால் நானே பத்தை எடுத்து நீட்டுவேன்.

ஜூம் பைனாகுலரைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நான் சேர்ந்த முதல் வருஷம். மர அறுவை மில்லில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன், முதல் சம்பளத்தில் வந்திருந்தான். பெட்டியில் 10-30x50 என்று கொட்டை எழுத்து. அதையே வேண்டும் என்றான். முப்பது மடங்கில் ஒளிவட்டம் 1.7 மில்லிமீட்டர்கூட வராது என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் புதிது, சொல்லத் தயங்கிப் பில் போட்டுவிட்டேன். ஜனவரியில் வந்தான். கடைசி நாள் அந்தியில் பெரிய ஆண் மான் ஒன்று வந்து நின்றதாம். கண்ணாடியில் கறுப்பு நிழல்தான் தெரிந்தது. கிளையை எண்ண முடியவில்லை. சுடாமல் விட்டுவிட்டான். அவன் செய்தது சரி. குறை சொல்லவும் அவன் வரவில்லை, வேறு எது வாங்கலாம் என்று கேட்கத்தான் வந்தான். அவன் போன பிறகும் ரொம்ப நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. அதிலிருந்து வாய் மூடி விற்பதை விட்டேன்.

2009இல் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கடையைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு வாடிக்கையாளர், பார்த்தால் தலை வலிக்கிறது என்று திருப்பிக் கொடுத்த பைனாகுலர் மேசையில் கிடந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவுக்கு எதிரே மாதாகோயில் கூரையின் நேர்விளிம்பைப் பார்த்தார். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக முன்னே நகர்த்தினார். "ஏல, இதுல கோடு ஒடியுது." நானும் செய்து பார்த்தேன். இடது வட்டத்தில் கூரை ஒரு மட்டத்தில், வலது வட்டத்தில் ஒரு நூல் கீழே. எங்கோ விழுந்து இரண்டு குழாயும் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தன. இரண்டு படத்தையும் ஒட்டவைக்க மூளை படும் பாடுதான் அந்தத் தலைவலி. விலை குறைந்தவற்றில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இந்தக் கோளாறு இருப்பதுண்டு. ஒன்றைப் பரிசோதித்துவிட்டு அதே மாடலில் வேறொரு பெட்டியை வாங்கிப் போகாதீர்கள். பார்த்த அதே உருப்படியைக் கேளுங்கள்.

இன்னொரு சோதனை நானாகக் கற்றது. ஊழியர் அறை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் மாதிரி ஒன்றை ராத்திரி முழுக்க வைத்துவிடுவேன். காலையில் எடுத்ததும் கையுறை போட்டபடி ஃபோகஸ் சக்கரத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். மட்டமான கிரீஸ் போட்டவை கல்லாகிவிடும். இரண்டு விரலையும் வைத்து நெம்ப வேண்டியிருந்தால், டிசம்பர் காலையில் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவாது. விலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு; 120 டாலருக்கு வெண்ணெய் மாதிரி சுற்றுவதும் உண்டு. குளிரைப் பற்றியே இன்னொன்று: ராத்திரி கேம்ப்புக்குத் திரும்பியதும் பைனாகுலரை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லென்ஸெல்லாம் வியர்த்துவிடும். வெளித் திண்ணையிலேயே பையில் போட்டு வையுங்கள். ஈரத்தைச் சட்டை நுனியால் துடைக்கவே வேண்டாம். முதலில் ஊதித் தூசியைப் போக்குங்கள், பிறகு லென்ஸ் துணி.

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பெட்டியில் 'ஐ ரிலீஃப்', அதாவது முழுப் படமும் தெரியக் கண் லென்ஸிலிருந்து தள்ளி நிற்கக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வாங்கிய பிறகு எல்லாரும் செய்யும் தவறு, மானைத் தேடுவது. முழு மான் காட்டில் தெரியாது. நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். ஈரமாக மினுங்கும் கறுப்பு மூக்கு, தொண்டையின் வெள்ளைத் திட்டு, ஒரு காது. பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தூரத்துக்குப் போக வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்த இடம். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என் வாடிக்கையாளர்கள்.

போன நவம்பரில் ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. முதல் உரிமம், முதல் பருவம். கையில் 180 டாலர். அவளுக்குக் கண்கள் நெருக்கம். பெரிய பைனாகுலர் இரண்டை எவ்வளவு மடக்கியும் அவளுக்கு இரண்டு வட்டமாகவே தெரிந்தது. மூன்றாவது, ஒரு 8x32, மடங்கிச் சரியாக உட்கார்ந்தது. ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர்தான் என்று எனக்குக் கொஞ்சம் யோசனை. சரி, பின்வாசலுக்கு வாருங்கள் என்றேன். மணி நாலே முக்கால். லேசாகப் பனி தூறிக்கொண்டிருந்தது. தோப்பில் மரத்தடி கறுத்துக் கிடந்தது. முழங்கையை எப்படி ஒட்டுவது என்று காட்டினேன். இடது ஓரத்திலிருந்து மெதுவாக வரச் சொன்னேன்.

அவள் பாதியில் நின்றாள். ஃபோகஸைக் கால் சுற்றுத் திருகினாள். "காது" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. எனக்கு வெறுங்கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. தாத்தா வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பெண் மான்" என்றார். "பின்னாலே இன்னொண்ணும் இருக்கு, தாத்தா" என்று அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் பில் போட உள்ளே போனேன். அவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது.